ஐம்பது ரூபாய்க்கு ஓர் உயிர்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், செப்பேட்டால் பெயர்பெற்ற ஊர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அங்குள்ள கோயிலுக்கு அளித்த கொடையை அச்செப்பேடு கூறுகிறது. கோயில் எழுந்தது போதும் என்று மன்னன் நின்றுவிடவில்லை. நாள்வழிபாட்டுக்கும், மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் வழிவகை செய்தான். ஒன்றை உண்டாக்குபவன் அதன் நாளைய வாழ்வுக்கும் பொறுப்பாளி என்பதே அதன் உட்பொருள்.

இன்று சாலையோரங்களில் நாம் காண்பது என்ன? கறவை வற்றிய பசு, உழவுக்கு வேண்டாத காளைக்கன்று, தோல்நோய் கண்டதும் இரவோடு இரவாக இறக்கிவிடப்பட்ட வளர்ப்பு நாய். இவை தாமே வழிதவறி வந்தவை அல்ல, கைவிடப்பட்டவை.

இதைத் தண்டிக்கச் சட்டம் இல்லையா? உண்டு. உருக்மணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிவைத்த முயற்சியைத் தொடர்ந்து, 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. தக்க காரணமின்றி, பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது, அதன் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதன்முறை குற்றத்திற்குத் தண்டம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை! மூன்றாண்டுக்குள் மீண்டும் செய்தால்தான் நூறு ரூபாய் வரை தண்டமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. பிடியாணையின்றிக் காவலர் கைதுசெய்யவும் இயலாது. மூன்று மாதத்திற்குள் வழக்குத் தொடராவிடில் அந்தக் குற்றமும் கரைந்துபோகும்.

இது தண்டனையன்று, கைகழுவுவதற்கு நாம் கட்டும் கட்டணம்.

2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு, விலங்கைக் கொல்வோருக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. ஒரே அடியில் கொன்றால் ஐந்தாண்டு. பட்டினியால் அணுஅணுவாகச் சாகவிட்டால் ஐம்பது ரூபாய். அதே 2024-இல் சென்னை மாநகராட்சி, தெருவில் மாடு திரியவிடுவோருக்குத் தண்டத்தைப் பத்தாயிரம் ரூபாயாக உயர்த்தியது. மாட்டால் நமக்கு இடையூறு என்றால் பத்தாயிரம். நம்மால் மாட்டுக்குப் பட்டினி என்றால் ஐம்பது! நம் நீதித்தராசு எப்பக்கம் சாய்ந்திருக்கிறது?

"தறியில் உழைத்தும் தன் பிள்ளைகளுக்கே சோறு காணாத ஏழையையா தண்டிப்பது?" எனக் கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. வழியற்றவனைத் தண்டிப்பது நீதியாகாது. ஆகவே, தீவனம் வாங்க இயலாதவர் தம் கால்நடையை ஒப்படைக்க ஊராட்சிதோறும் ஒரு கொட்டில் வேண்டும். அவ்வழி திறந்திருந்தும் நெடுஞ்சாலையில் அவிழ்த்துவிடுவோருக்கும், பல்லாயிரம் கொடுத்து நாய்க்குட்டி வாங்கிச் சலித்ததும் வீசியெறிவோருக்கும் தண்டம் உறைக்க வேண்டும். பிரான்சு நாட்டில் இக்குற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறையும் 45,000 யூரோ வரை தண்டமும் உண்டு. நம் உச்சநீதிமன்றமும் 2014-இல், இச்சட்டத்தின் தண்டனைகள் போதா, திருத்துக என நாடாளுமன்றத்திற்கு எடுத்துரைத்தது.

கன்றொன்றின் உயிருக்காகத் தன் மகனையே தண்டித்த மனுநீதிச் சோழனுக்குச் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலை வைத்திருக்கிறோம். ஆனால், அக்கன்றைச் சாலையில் விட்டுச் சென்றவனிடம் ஐம்பது ரூபாய் பெற்றுக்கொண்டு வழியனுப்புகிறோம். சிலைக்கு மாலை சூட்டுமுன் சட்டத்தைத் திருத்துவோம்.