உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி

கடந்த மாதம் மாதர் தலைவிகள் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் ஓர் அக்கா செருப்பைக் கழற்றிக் குதிகாலைக் காட்டினார். தொடையிலிருந்து எடுத்த தோல் அங்கே ஒட்டப்பட்டிருந்தது. இரண்டு வருடமாக அந்த இடத்தில் இருந்த கறுப்புப் புள்ளியை ஆணி என்று நினைத்து, பிளேட்டால் சீவிச் சீவிக் கொழுந்து மலைக்குப் போயிருக்கிறார். அது ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குப் பரவிக் கசியத் தொடங்கிய பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று முடிவு வந்தது.

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரரின் நோய் என்று எமக்குள் ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மை. கறுத்த தோலுக்கு மெலனோமா அரிதுதான். ஆனால் வந்தால், வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும் வருவதே அதிகம். பாடகர் பொப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரலில் கண்டுபிடிக்கப்பட்டதும் இதுதான். பந்து விளையாட்டில் பட்ட காயம் என்றே பலரும் நம்பினார்கள். 1981இல் 36 வயதில் அவர் இறந்துபோனார்.

காலம் முழுக்க மாறாமல் இருக்கும் மச்சத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு பக்கமாகப் பரவுவது, ஓரம் கோணல்மாணலாவது, ஒரே புள்ளியில் இரண்டு மூன்று நிறம் தெரிவது, 6 மில்லிமீற்றருக்கு மேல் வளர்வது, இரத்தம் கசிவது இவைதான் காட்ட வேண்டிய அறிகுறிகள். அடிபட்டு நகத்தடியில் கட்டிய இரத்தம் நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போய்விடும். அப்படிப் போகாமல் ஒரே ஒரு விரலில் கறுப்புக் கோடு அகலமாகிக்கொண்டே வந்தால், தோட்ட டிஸ்பென்சரியில் துண்டு வாங்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குப் போங்கள். அங்கே காசு இல்லை.

டொக்டருக்குச் சந்தேகம் வந்தால் அந்த இடத்தைச் சுற்றி விறைப்பு ஊசி போடுவார். உள்ளங்காலில் அந்த ஊசி நன்றாகவே வலிக்கும். அதை நாம் மறைக்க விரும்பவில்லை. அதற்குப் பிறகு கத்தி தெரியாது. மச்சத்தை, சுற்றியுள்ள 2 மில்லிமீற்றர் நல்ல தோலோடு, அடிக்கொழுப்பு வரை முழுதாக எடுத்துத் தையல் போடுவார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். புள்ளி பெரிதானால் தடித்த இடத்தில் ஒரு துண்டு மட்டும் எடுப்பதும் உண்டு. கத்தி பட்டால் பரவிவிடும் என்று லயத்தில் சொல்வார்கள். இந்தச் சோதனைக்காக வெட்டுவதால் நோய் பரவுவதில்லை.

எடுத்த துண்டு போமலின் போத்தலில் ஆய்வுகூடத்துக்குப் போகிறது. அதை மெழுகில் பதித்து, தலைமயிரிலும் மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். புற்றுநோய் என்றால் அது எத்தனை மில்லிமீற்றர் ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளக்கிறார்கள். அந்த எண் மிக முக்கியமானது. 1 மில்லிமீற்றருக்குள் என்றால், சுற்றி 1 சென்ரிமீற்றர் தோலை இன்னொரு முறை எடுப்பதோடு பெரும்பாலோருக்கு வைத்தியம் முடிந்துவிடும். 2 மில்லிமீற்றரைத் தாண்டினால் 2 சென்ரிமீற்றர் எடுக்க வேண்டும்; கவட்டில் நெறி கட்டும் இடத்தையும் சோதிப்பார்கள்.

சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து மச்சத்தைச் சுட வேண்டாம் என்று நாம் சொல்வதும் இதனால்தான். கரண்டில் சுடுவதும் அப்படியே. சுட்டுவிட்டால் மேலே சோதிக்க எதுவும் மிஞ்சாது, நோய் அடியில் மிஞ்சும்.

அந்த அக்காவின் கதையில் எமக்குக் கோபம் வரும் இடம் வேறு. முதல் துண்டை எடுத்து அனுப்பியவர்கள், றிப்போட் வந்ததும் அறிவிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கொடுத்த போன் நம்பர் கொழும்பில் கடையில் நிற்கும் மகனுடையது. மகன் சிம்மை மாற்றிவிட்டார். ஏழு வாரம் அந்தக் கடதாசி கோப்புக்குள்ளேயே கிடந்தது. ஏன் போய்க் கேட்கவில்லை என்று கேட்டோம். "போனா ஒரு நாள் பேர் இல்ல, பஸ் காசு வேற. அங்க சிங்களத்துல எழுதித் தந்தா நான் யார்கிட்ட காட்டுறது?" என்றார். எம்மிடம் பதில் இல்லை. எமது தோட்டக் கமிட்டி அந்த வீட்டிலிருந்து நான்கு லயம் தள்ளித்தான் இருக்கிறது.

வெட்டும் நாளுக்கும், தையல் பிரிக்கும் நாளுக்கும், றிப்போட் எடுக்கும் நாளுக்கும் பேர் போட வேண்டும் என்று நிர்வாகங்களிடம் கேட்கிறோம். உள்ளங்காலில் தையல் உள்ளவரைச் சரிவு மலைக்கு அனுப்பக் கூடாது. காயம் ஆறும்வரை ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்கலாம். இதைச் சலுகை என்பார்கள். கிளினிக் துண்டைக் காட்டியும் பேர் வெட்டப்பட்டால் அந்தத் துண்டின் பிரதியை எமக்கு அனுப்புங்கள்.

தலைவர்கள், தலைவிகள் கூட்டக் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சோதனைக்குத் துண்டு எடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவரின் பெயர், ஆஸ்பத்திரி, திகதி, கிளினிக் நம்பர் ஆகியவற்றை அவரைக் கேட்டு எழுதி வையுங்கள். நான்கு வாரத்துக்குள் கடதாசி கைக்கு வராவிட்டால் மாவட்டக் காரியாலயத்துக்குச் சொல்லுங்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த எமது ஆள் ஒருவர் கூடப் போவார்.