அரக்கனுக்கு வரலாறு உண்டு, ஆர்க்குக்கு இல்லையா?

எறணாகுளம் பிராட்வேயிலிருந்து காயலைக் கடந்தால் மட்டாஞ்சேரி. அங்கே அரண்மனைச் சுவர்களில் இராமாயணம் ஓவியமாக நிற்கிறது. "அரக்கர் கற்பனை இனம்தானே, கற்பனைக்கு நீதி எதற்கு?" என வாதிடுவோர் அதே மண்ணின் கதகளியையும் பார்க்கட்டும். இராவணனுக்குக் கத்தி வேடம். நாயகர்க்குரிய பச்சையே அவன் முகத்துக்கும் அடித்தளம். அதன்மேல்தான் சிவப்புக் கத்தி வடிவம். 'இராவணோத்பவம்', 'பாலிவிஜயம்', 'தோரணயுத்தம்' எனத் திரும்பத் திரும்ப அரங்கேறும் அவனுக்குக் கடந்தகாலம் உண்டு. தாயின் கண்ணீரே அவனைத் தவத்துக்கு அனுப்புகிறது.

1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் ஆர்க்குகள் நெடுங்காலம் பிறவித் தீயோர். 2020இல் இச்சித்திரிப்பைத் திருத்துவதாக வெளியீட்டு நிறுவனம் அறிவித்தது; 2024 விதிநூலில் 'ரேஸ்' போய் 'ஸ்பீசிஸ்' வந்தது. சொல் மாறியது, நோய் சொல்லில் மட்டுமா இருந்தது? 1983 முதல் மீண்டும் மீண்டும் வரும் இரத்தக்காட்டேரிப் பிரபு ஸ்ட்ராடுக்குக் காதலும் இழப்பும் தரப்பட்டன. ஆர்க்குக்குத் தரப்பட்டவை தாக்குதல் எண்ணும் உயிர்ப்புள்ளியும். பிரபுவின் கொடுமைக்குக் காரணம் தேடும் கதை, கூட்டத்தின் கொடுமைக்குப் பிறப்பையே காரணமாக்குகிறது.

மரபைக் காட்டித் தப்பவும் இயலாது. அரசன் இராவணனுக்குப் பச்சை கிடைத்த அரங்கில், காட்டில் திரியும் சூர்ப்பணகைக்குக் கிடைத்தது கரி வேடம். யாருக்கு வரலாறு, யாருக்கு வெறும் நிறம் என்பதைப் பங்கிடும் அதிகாரமே விவாதப்பொருள். அதைத் தொடாத திருத்தம் பெயர்ப்பலகை மாற்றமன்றி வேறன்று.