முயலிடம் ஒப்படைத்த பெருநாள்

உயிர்ப்புப் பெருநாள் காலையில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவக் குழந்தையின் கையில் சாக்லேட் முட்டையும் நாவில் மனனம் செய்த ஆங்கிலப் பாட்டும் மட்டுமே இருக்குமானால், குற்றம் குழந்தையுடையதன்று. பெருநாளை முயலிடம் ஒப்படைத்துவிட்ட பெற்றோருடையது.

முட்டையைப் பழிப்பதற்கில்லை. கீழைத் திருச்சபையினர் முட்டைக்குச் செஞ்சாயம் ஏற்றி, அதிலே கல்லறையையும் புதுவாழ்வையும் கண்டனர். முயலுக்கோ அத்தகைய பொருளும் இல்லை. முட்டையிடும் முயலின் கதை 1682இல் ஜெர்மானிய மருத்துவர் ஒருவரின் நூலில் இடம்பெற்றது. 1870களில் இங்கிலாந்தின் ஃபிரை, காட்பரி ஆலைகள் சாக்லேட் முட்டையை வார்த்து விற்கத் தொடங்கின. வணிகர் தம் சரக்கை விற்கட்டும். நற்செய்தியை அச்சரக்கின் உறையாக்கித் தரும் கடமை தாய் தந்தையர்க்கு ஏன்?

'பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னால் விளங்காது' என்பாரும் உளர். விளங்காதா? யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தை நோக்குக. மகதலேனா மரியாள் இருள் நீங்குமுன் கல்லறைக்குச் செல்கிறாள். உயிர்த்தவரைக் கண்டும் அறியாதவளாய், அவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணுகிறாள். ஆங்கிலச் சொல்லைக் கேட்கும் குழந்தைக்குப் பூச்செடிக்கு நீர் வார்க்கும் ஒருவரே தோன்றுவார். தமிழிலோ, தோட்டம் என்ற அளவிலேயே தேயிலை நிரையும், பனியும், லயமும், இருளோடு பெரட்டுக்குச் சென்ற பாட்டியும் கண்முன் நிற்பர். 1929இல் தொடங்கிய போ தோட்டம் முதலாக இம்மலையில் கொழுந்து பறித்த குடும்பத்துப் பிள்ளைக்கு, இறைமகனைத் தோட்டத்து ஆளாகக் கண்ட அக்காட்சியைவிட நெருக்கமானது எது? அந்நெருக்கத்தை வேற்றுமொழி தராது.

இதற்குப் பொருட்செலவும் இல்லை. பெரிய வியாழன் இரவில் தந்தை தன் பிள்ளையின் கால்களைக் கழுவட்டும். பெரிய வெள்ளி சபா, சரவாக் மாநிலங்களில்தான் பொது விடுமுறை. பகாங்கில் அது வேலை நாள். ஆதலின் அன்று மாலையில் விளக்கேற்றிப் பாடுகளின் வரலாற்றை வாசிக்கலாம். ஞாயிறு விடியலில் மெழுகுவத்தியோடு தோட்டச் சாலையில் நடந்தவாறே எம்மாவு வழிப்போக்கர் இருவரின் கதையைச் சொல்லலாம். வீடு திரும்பியதும் கரி நெருப்பில் மீன் சுட்டு உண்ணலாம். கடற்கரையில் சீடர்க்கு ஆண்டவர் அளித்த காலையுணவும் அதுவே. மீனின் மணத்தோடு கேட்ட கதையைப் பிள்ளை மறக்குமோ?

தமிழாசிரியருள் சிலர், 'சமயம் வீட்டுக்கு, மொழி பள்ளிக்கு' எனக் கோடு கிழிக்கின்றனர். தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்ததை அவர்களே மொழி வரலாற்றில் கற்பிக்கின்றனர். தேம்பாவணியையும் இரட்சணிய யாத்திரிகத்தையும் அவர்களே பாராட்டுகின்றனர். வீட்டில் ஒருநாளும் தமிழில் நற்செய்தி கேளாத மாணவனுக்கு அக்காப்பியங்கள் அருஞ்சொற்பட்டியலாகவே எஞ்சும் என்பதை அவர்கள் அறியாரோ?

தேயிலை நிரைகளில் இன்று பிறநாட்டுத் தொழிலாளர் நிறைந்துள்ளனர். தோட்டத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் நகரம் புகுந்துவிட்டனர். எஞ்சிய இல்லங்களிலும் 'நேரமில்லை' என்பதே விடையாகிறது. தாள் சுற்றிய முட்டையைத் தேடித் தஞ்சோங் மலிமுக்கோ ஈப்போவுக்கோ இறங்கி ஏற நேரமிருக்கிறது. ஓர் அதிகாரத்தை வாய்விட்டு வாசிக்கும் கால் மணி நேரந்தான் கிட்டவில்லை போலும்!