தேவனே சகாயம்

திருவிதாங்கூர் அரண்மனை ஊழியராயிருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை, கால்நடைகளை இழந்து மனம் சோர்ந்திருந்த வேளையில், டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் சரித்திரத்தைக் கூறினார். 1745ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் எனப் பெயர் பூண்டார். அதனால் பதவி போயிற்று. எருமை மீதேற்றி ஊரூராக இழிவுபடுத்தினர். 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றனர். 2022இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

யோபு இழந்தவற்றை இம்மையிலேயே இருமடங்காகப் பெற்றான். தேவசகாயமோ எதையும் திரும்பப் பெறவில்லை, ஆயினும் தளரவில்லை. விசுவாசத்தின் பொருட்டு உற்றாரால் ஒதுக்கப்பட்டோரே, கைம்மாறு காணாத நாளிலும் கடவுளின் கரத்தைப் பற்றியிருப்பதே மெய்யான சார்பு அன்றோ?