நெற்றி வலிக்குப் பற்று மட்டும் போதுமா?

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய் வாங்கப் போனபோது சிநேகிதி ஒருத்தியைப் பார்த்தேன். இடது நெற்றியில் சுக்குப் பற்று. "ஆறு மாசமா இதே வலிதான்டி. சைனஸ், தானா போயிடும்" என்றாள். அவளுடைய இடது கண் லேசாக முன்னால் தள்ளியிருப்பது போல் எனக்குப் பட்டது. "போடி, உனக்குப் பிரமை!" என்று சிரித்தாள். வீட்டுக்குப் போய்க் கல்யாண ஆல்பத்தைப் பிரித்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

புருவத்துக்கு மேலே, நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறையில் எலும்புக் கட்டி என்று ஸ்கேன் சொல்லிற்று. டாக்டர்கள் இதை 'ஆஸ்டியோமா' என்பார்கள். கட்டி என்றதும் பாவம், அழுதே விட்டாள்.

சகோதரிகளே, கட்டியெல்லாம் புற்றுநோய் அல்ல! ஆஸ்டியோமா சாதுவானது, வருஷக்கணக்கில் மெதுவாக வளரும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுக்கும்போது தெரியவரும். தொந்தரவு இல்லையென்றால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்து வந்தாலே போதும். காற்றறையின் வழியை அடைத்தால் வலி வரும். கண்குழிக்குள் நீண்டால் கண்ணைத் தள்ளும், ஒன்று இரண்டாகத் தெரியும். அப்போதுதான் ஆபரேஷன். மூக்கு வழியாகவோ புருவத்தருகே கீறியோ எடுப்பார்கள். இப்படிப் பல கட்டிகள் இருந்தால் குடலையும் பரிசோதிக்கச் சொல்வார்கள். சில குடும்பங்களில் இரண்டும் சேர்ந்து வருவதுண்டு.

முகவலிக்குப் பல், ஒற்றைத் தலைவலி, சைனஸ் இவைதான் பெரும்பாலும் காரணம். ஆகவே வீண் பயம் வேண்டாம். ஆனால் ஒரே பக்கத்தில் விடாத வலி, கையில் கல் மாதிரி தட்டுப்படும் மேடு, முன்னால் வரும் கண், இரட்டைப் பார்வை, இவற்றில் எது இருந்தாலும் கண் டாக்டரையும் காது மூக்கு தொண்டை டாக்டரையும் பாருங்கள். செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. குழந்தைக்கு ஜுரத்தோடு கண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்கினால் அன்றைக்கே ஓடுங்கள். அது வேறு விஷயம், அவசரமானது.

சந்தேகமாக இருக்கிறதா? பழைய போட்டோவை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். அந்தப் போட்டோவை டாக்டரிடமும் காட்டுங்கள்.

சிநேகிதிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சுக்கு இப்போது அவள் வீட்டில் காப்பிக்கு மட்டும்தான்!