இந்த வடிவம் எங்கிருந்து வந்தது?

பெரம்பலூர் கடைவீதியில் ஃபேன்சி ஸ்டோருக்குள் நுழைந்தால் எதை எடுத்தாலும் இதயம்தான்! ஹேர்கிளிப்பில், சாவிக்கொத்தில், குழந்தை பனியனில். "நம்ம நெஞ்சுக்குள்ளேயும் இப்படியா பாட்டி இருக்கும்?" என்று பேத்தி கேட்டாள். "கறிக்கடையில் ஆட்டு இதயம் பார்த்திருக்கியே, அது மாதிரிதான்டி" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டாள்!

உண்மையில் அது மூடிய கைப்பிடி அளவுள்ள கூம்புதான். 1250-ஐ ஒட்டிய பிரெஞ்சுக் காதல் சுவடி ஒன்றில், காதலன் நீட்டுகிற இதயம் பைன் மரக்காய் போலவே இருக்கிறது. சுமார் 1305-ல் இத்தாலியில் ஜியோட்டோ தீட்டிய தேவாலயச் சுவரோவியத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். மேலே பள்ளம் விழுந்தது அதற்கப்புறம். 15-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சீட்டுக்கட்டில் போட்டார்கள். நம் வீட்டு ஆண்கள் திண்ணையில் இறக்குகிற 'ஆட்டின்' அதுதான்!

பள்ளம் எப்படி வந்தது? ஐவி கொடியின் இலையைப் பார்த்து வரைந்தது என்பார்கள். லிபியாவில் இருந்த சைரீன் நகரத்துப் பழைய காசுகளில் சில்ஃபியம் என்ற செடியின் விதை அச்சாக இதே வடிவில் இருக்கிறது. கருத்தரிக்காமலிருக்கப் பெண்கள் அந்தச் செடியைச் சாப்பிட்டார்களாம், அதனால் அது காதல் சின்னமாயிற்றாம். கதை சுவைதான். ஆனால் நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறதே, எனக்கென்னவோ ஒட்டவில்லை. இலைக் கதைதான் நம்பும்படி இருக்கிறது.

இலை என்றால் நமக்கென்ன பஞ்சம்? வெற்றிலையும் அரசிலையும் அதே வடிவம்தானே! நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது வெற்றிலைதான் முதலில். ஆனாலும் அதைப் பார்த்து யாரும் இதயம் என்று சொன்னதில்லை. அரியலூர்ப் பக்கம் போனால் கல்லிலேயே இந்த வடிவம்! சுமார் ஏழு கோடி வருஷம் முன்பு அங்கே கடல் இருந்தது. அதில் வாழ்ந்த கடல் முள்ளெலிகளில் ஒரு வகை, பள்ளத்தோடு அசல் இதயச் சின்னம் போலவே இருக்கும். சிமென்ட்டுக்காகத் தோண்டுகிற சுண்ணாம்புப் பாறைகளில் அவை கல்லாகிக் கிடக்கின்றன. அந்தப் பகுதிப் புதைபடிவங்களுக்கென்றே வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

படத்தால் ஒரு தொல்லையும் உண்டு. சினிமாவில் இடது மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வதைப் பார்த்து, வலி அங்கேதான் வரும் என்று இருந்துவிடுகிறோம். இதயம் நடுமார்பில், சற்றே இடப்பக்கம் சாய்ந்து இருக்கிறது. மாரடைப்பு வலி தாடைக்கும், முதுகுக்கும், இரு கைகளுக்கும் போகலாம். பெண்களுக்கு நெஞ்சுவலி பெரிதாக இல்லாமல் மூச்சிரைப்பு, குமட்டல், வியர்வை, தாங்க முடியாத அசதி என்றும் வருவதுண்டு. எங்கள் தெருப் பெண்ணொருத்தி தாடை வலியை 'வாயு' என்று ஓமத்தண்ணீர் குடித்தே இரண்டு நாள் ஓட்டினாள். மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டாள். உங்களுக்கு அப்படி வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். சமையலை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.