பழுது கருவியிலா, நம் மனத்திலா?



பொந்தியானில் எங்கள் பள்ளிக் கணினிக்கூடத்திற்குக் கம்பியில்லா இணையம் வழங்குவது ஒரு பழைய கணினி. 2025 அக்டோபர் 14-ஆம் நாள் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபோது குப்பைக்குப் போகவிருந்த கணினி அது. அதில் லினக்ஸ் நிறுவி, யூஎஸ்பி வைஃபை செருகியைப் பொருத்தி, அணுகுமுனையாக மாற்றினோம். அண்மையில் ஒரு திங்கட்கிழமை காலை, இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலைப் புதுப்பித்துவிட்டு மறுதொடக்கம் செய்தேன். வைஃபை மறைந்து போயிற்று. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் வெற்றுத் திரைகளின் முன் அமர்ந்திருந்தனர்.

“இலவசம் என்றால் இப்படித்தான்” என்றார் ஒரு பெற்றோர். “புதுக் கருவி வாங்குங்கள்” என்றார் கடைக்காரர். “இனி எதையும் புதுப்பிக்காதீர்கள்” என்றார் சக ஆசிரியர். இம்மூன்று கூற்றுகளையும் நான் மறுக்கிறேன்.

நடந்தது என்ன? செருகி பழுதாகவில்லை, யூஎஸ்பி கருவிகளின் பட்டியலில் அது இருந்தது. ஆனால், அதை இயக்கும் இயக்கி நிரல் ஏற்றப்படவில்லை. அவ்வியக்கி கெர்னலோடு சேர்ந்து வருவதன்று, தனியாக நிறுவப்பட்டது. ஒரு கெர்னல் பதிப்புக்காகத் தொகுக்கப்பட்ட இயக்கி மற்றொரு பதிப்பில் பொதுவாக இயங்காது. மீண்டும் தொகுக்கப்பட வேண்டும். அதனைத் தானாகச் செய்யும் டிகேஎம்எஸ் என்னும் ஏற்பாடு எங்கள் கணினியில் இருந்தது. ஆனால், புதிய கெர்னலுக்குரிய தலைப்புக் கோப்புகள் இல்லாததால் அது தன் வேலையைச் செய்ய முடியவில்லை.

தீர்வு எளிது. கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். வைஃபை உடனே திரும்பியது. வகுப்பு நடந்தது. மாலையில் தலைப்புக் கோப்புகளை நிறுவி, இயக்கியை மறுபடியும் தொகுத்தேன். புதிய கெர்னலிலும் எல்லாம் இயங்கின. ஒரு சென்கூடச் செலவாகவில்லை.

இலவசம் என்பதால் இப்பழுது வரவில்லை. கெர்னலுக்கு வெளியே நிற்கும் இயக்கியால் வந்தது. புதுக் கருவி வாங்கினாலும், அதன் இயக்கியும் வெளியிலேயே நின்றால் அடுத்த புதுப்பிப்பில் இதே கதைதான். கெர்னலிலேயே இயக்கி உள்ள கருவியைக் கேட்டு வாங்குவதே அறிவுடைமை. புதுப்பிக்காமல் விடுவதோ பேராபத்து. 2017 அக்டோபரில் டபிள்யூபிஏ2 பாதுகாப்பு முறையில் ‘கிராக்’ என்னும் ஓட்டை வெளிப்பட்டதை நினைத்துப் பாருங்கள். புதுப்பித்தவர்களே அதை அடைத்துக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் பயன்படுத்தும் இணையத்தைத் திறந்த வீடாக விட்டுவைக்கலாமா?

அப்படியானால் குற்றம் யாருடையது? என்னுடையதுதான். திங்கட்கிழமை காலையிலா புதுப்பிப்பது? பள்ளி விடுமுறையில் செய்திருக்க வேண்டும். எந்தச் செருகி, எந்த இயக்கி, எப்போது நிறுவப்பட்டது என்று ஒரு குறிப்பேடுகூட நான் வைத்திருக்கவில்லை. நாளை எனக்கு மாற்றலானால், அந்தக் கணினி தூசி படிந்து மூலையில் கிடக்கும். “தமிழ்ப்பள்ளிக்கு இதெல்லாம் ஒத்துவராது” என்று சொல்லவும் நாலு பேர் இருப்பார்கள். என் அச்சமெல்லாம் அதுதான்.

மலேசிய அரசு 2004-இலேயே பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. ஆண்டுகள் பல கடந்தும், பழுது வந்தவுடன் கடைக்காரரைத் தேடுவதே நம் வழக்கமாக இருக்கிறது. பிழையின் காரணத்தைத் தேடாமல் விடையை மட்டும் திருத்தும் மாணவனை நாம் கண்டிக்கிறோம். கருவி என்று வந்துவிட்டால் மட்டும் நாமே அம்மாணவனாகி விடலாமா?

ஆசிரியர்களே, ஒவ்வொரு பள்ளியிலும் குறைந்தது இருவர் இதைக் கற்றுக்கொள்ளுங்கள், குறிப்பேடு எழுதுங்கள், புதிய கெர்னல் சரியாக இயங்கும்வரை பழையதை நீக்காதீர்கள். பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் புதுக் கருவிக்குப் பணம் ஒதுக்கும் முன், “பழுதின் காரணம் என்ன?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். விடை தெரியாதவரை ஒரு ரிங்கிட்டும் கொடுக்க வேண்டாம்.

சிந்திப்போம், செயல்படுவோம்.